கெண்டையின் தொண்டையில் இருந்த பற்கள்

ஏழு மாதமாக மீன் தலைகளையும் வேறு சில உயிர்களின் வாய்களையும் சுத்தம் செய்து, தாடைகளைப் பிரித்தெடுத்துச் சேர்த்து வருகிறேன். அலமாரியின் மேல்தட்டில் இப்போது 9 தாடைகள் இருக்கின்றன. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரோகு கெண்டையின் தொண்டைப் பல். மூன்று தடவை தவறிப்போய் நாலாவது தடவைதான் கைக்கு வந்தது.

ஆரம்பித்து வைத்தது ஒரு வாளை மீன். குழம்புக்கு வாங்கிய வாளையின் தலையைத் தூக்கிப்போடப் போனபோது முன்பல் விரலில் ஏறிவிட்டது. சின்னக் காயம்தான். ஆனால் இழுத்தால் வராமல் தோலைப் பிடித்துக்கொண்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பல்லின் நுனியில், தூண்டில் முள்ளில் இருக்கிற மாதிரியே ஓர் எதிர்முள்! வழுக்கிக்கொண்டு ஓடுகிற இரையைப் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்? அன்றைக்கே அந்தத் தலையை அடுப்பில் ஏற்றினேன்.

20 நிமிடம் கொதிக்க விட்டது தப்பு. மீனின் தலை நம் மண்டையோடு போல இறுகிய கூடு கிடையாது. நிறைய சின்ன எலும்புகள் நாரின் பிடிப்பில்தான் நிற்கின்றன. நார் வெந்து கரைந்ததும் எல்லாம் கழன்று சட்டியின் அடியில் கிடந்தன. மிஞ்சியதாவது வெளுக்கட்டும் என்று பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டேன். மறுநாள் தொட்டால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது.

இப்போது செய்கிற முறை இதுதான். தண்ணீர் கொதி வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் ஐந்து நிமிடம் தலையைப் போட்டு வைக்கிறேன். சதையைப் பழைய டூத் பிரஷ்ஷால் தள்ளி எடுக்கிறேன். அப்புறம் துணி சோப்புத் தூள் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு நாள். கடைசியாக, மெடிக்கலில் கிடைக்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓர் இரவு. நிழலில்தான் காய வைக்க வேண்டும், அதுவும் மூடி வைத்து. மொட்டை மாடியில் திறந்து வைத்த ஒரு தாடையைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இந்த முறையில் முழுசாக வந்த முதல் தாடை சீலாவுடையது. கத்தி மாதிரிப் பற்கள் என்று எல்லோரும் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் அதிக நேரம் பார்த்தது தாடையின் பின்மூலையில் இருக்கிற கீலை. கீழ்த்தாடையின் கடைசி எலும்பும் அதைத் தாங்குகிற எலும்பும் சந்திக்கிற இடம் அது. பாலூட்டிகளில் இந்த இரண்டு எலும்புகளும் தாடையை விட்டு விலகி, நடுக்காதுக்குள் போய், சுத்தி, பட்டடை என்கிற குட்டி எலும்புகளாகிவிட்டன. 1837-லேயே ரைஷர்ட் என்ற ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் பன்றிக் கருக்களை ஆராய்ந்து இந்தத் தொடர்பைக் காட்டினார். மீன் வாயைத் திறந்து மூடுகிற கீலை வைத்துத்தான் நான் சத்தம் கேட்கிறேன் என்பது படித்த விஷயம்தான். ஆனால் அந்தக் கீலைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

அடுத்து கணவாய். கைகள் எல்லாம் சேருகிற நடுவை விரலால் அமுக்கினால், சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உருண்டைத் தசை பிதுங்கி வரும். அதற்குள்தான் அலகு இருக்கிறது. வெந்நீரில் போட்டால் தசை தானாக வழன்றுவிடும், பிரஷ்ஷே தேவையில்லை. கிளியின் மூக்கு மாதிரி இருக்கிறது என்பார்கள். ஆனால் இரண்டு பாதியையும் பொருத்திப் பார்த்தால் தலைகீழ். கிளிக்கு மேலலகு கீழலகை மூடும், கணவாய்க்குக் கீழலகுதான் மேலலகை மூடுகிறது.

அதன் நிறத்தைப் பாருங்கள். நுனி கன்னங்கறுப்பு. உள்ளே போகப் போகத் தேன் நிறம், பின்னால் தசையோடு ஒட்டுகிற சிறகுப் பகுதி கண்ணாடி மாதிரித் தெளிவு. இதில் எலும்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, பூச்சிகளின் ஓட்டில் இருக்கிற கைட்டினும் புரதமும் மட்டும்தான். ஹம்போல்ட் கணவாயின் அலகைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஈரத்தில் இருக்கும்போது நுனி அடிப்பகுதியைவிடச் சுமார் 100 மடங்கு விறைப்பானது என்று தெரிந்தது. கொழகொழவென்ற உடம்பில் கத்தியைச் சொருகினால் கத்தி உடம்பைத்தான் கிழிக்கும். இங்கே கத்தியே கொஞ்சம் கொஞ்சமாக மென்மையாகி உடம்போடு கலந்துவிடுகிறது. முதல் அலகை நான் காய விட்டுவிட்டேன், சிறகுகள் சுருண்டு வெடித்துவிட்டன. அதனால் இப்போது ஸ்பிரிட் ஊற்றிய சின்ன பாட்டிலில்தான் வைத்திருக்கிறேன்.

சரி, ரோகுவுக்கு வருகிறேன். முதல் தடவை தலையைச் சுத்தம் செய்து வாயைத் திறந்தால் ஒரு பல்கூட இல்லை. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கெண்டைக் குடும்பத்து மீன்களுக்குத் தாடையில் பல்லே கிடையாது, எல்லாம் தொண்டையில் என்று படித்துத் தெரிந்துகொண்டேன். செவுளைத் தாங்குகிற எலும்பு வளைவுகளில் கடைசி வளைவில் மட்டும் செவுள் இருக்காது, அது பல் தாங்குகிற எலும்பாக மாறியிருக்கும். அதைத் தேடி அடுத்த இரண்டு தலைகளையும் பிரித்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. மீனை வெட்டித் தருகிற இடத்திலேயே செவுளை ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுகிறார்கள், பல்லும் அதோடு குப்பைக்குப் போய்விடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது.

நாலாவது தடவை மார்க்கெட்டில் நின்று சொன்னேன்: "அக்கா, செவுளை எடுக்காதீங்க, அப்படியே குடுங்க." அரிவாள்மனையில் இருந்து தலை நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, செவுள்ல கொழம்பா?" என்று கேட்டார். பல் விஷயத்தைச் சொன்னேன். "கெண்டைக்கு ஏது பல்லு" என்றவர், தானே ஒரு தலையின் செவுளை விலக்கி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "அட, ஆமா" என்றார். இருபது வருஷமாக மீன் வெட்டுகிறாராம். அன்றைக்கு இன்னொரு தலையும் சும்மாவே கொடுத்தார்.

வீட்டில் வந்து எடுத்தேன். உணவுக்குழாய் தொடங்குகிற இடத்தில், அடைப்புக்குறி மாதிரி வளைந்த இரண்டு எலும்புகள். ஒவ்வொன்றிலும் மூன்று வரிசைப் பற்கள், ஒன்றோடு ஒன்று நெருக்கிப் பதித்த ஓடுகள்போல. தலைகள் சாய்வாகத் தேய்ந்து வழவழவென்று இருக்கின்றன. இந்தப் பற்கள் எதிரில் இன்னொரு பல்வரிசையோடு மோதுவதில்லை. மண்டையின் அடிப்பக்கத்தில் நகம் மாதிரிக் கெட்டியான ஒரு திண்டு இருக்கிறது. உணவை அதன்மேல் அழுத்தித்தான் அரைக்கின்றன. அம்மி மேலே, குழவி கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கழித்து சாதாக் கெண்டை கிடைத்தது. அதற்கும் மூன்று வரிசைதான், ஆனால் பக்கத்துக்கு 5 பல் மட்டும். உள்வரிசையில் 3, மற்ற இரண்டிலும் ஒவ்வொன்று. உள்வரிசைப் பற்கள் நம் கடைவாய்ப் பல்லேதான் என்று சொல்லலாம், அவ்வளவு தடிமன். பாசியும் சேறும் கலந்த மெல்லிய தீனி தின்கிற ரோகுவுக்கு நெருக்கமான அரைப்புப் பரப்பு. நத்தை ஓட்டை உடைக்கிற சாதாக் கெண்டைக்கு உருண்டைத் திரள்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

நடுவில் கரப்பானையும் பிரித்தேன். அதன் தாடைகள் நம்முடையதுபோல மேலும் கீழுமாக அசைவதில்லை, இடமும் வலமுமாகக் கத்தரி போலச் சேருகின்றன. ஸ்லைடில் வாயுறுப்புகளை ஒழுங்காக அடுக்க நாலு கரப்பான் ஆனது. கொசுவின் ஊசிகளை இன்னும் பிரிக்க முடியவில்லை. ஒரு நூலிழைபோலத் தெரிவது உண்மையில் 6 ஊசிகள், அதோடு அவற்றைப் போர்த்திய ஓர் உறை. கடிக்கும்போது உறை மடங்கி வெளியிலேயே நின்றுவிடும், ஊசிகள் மட்டும் உள்ளே போகும். இதற்கு இன்னும் மெல்லிய ஊசியும் நடுங்காத கையும் வேண்டும்.

போன வாரம் ராமநாதபுரத்தில் இருந்து மாமா ஐஸ் பெட்டியில் ஒரு கிளி மீன் தலை கொண்டுவந்தார். செவுளோடு! அலகுமாதிரித் தெரிகிற அதன் வாய் நிறைய பற்கள் ஒட்டி உருவானது. 15 வரிசைகளில் சுமார் 1000 பற்கள் என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அந்த அலகால் பவளப் பாறையைச் சுரண்டி எடுத்து, தொண்டையில் இருக்கிற இன்னொரு பல் ஆலையில் அரைக்கும். பாசி மீனுக்கு, மீதி மணலாக வெளியே வரும். நேற்று அந்தத் தொண்டைத் தாடையை வெந்நீரில் அலசினேன். பல் இடுக்குகளில் இருந்து வெள்ளையாக ஏதோ கரைந்து இறங்கிற்று. தண்ணீரை மெல்ல வடித்துவிட்டுக் கிண்ணத்தின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று மணல்.