ஊருக்குத் திரும்பணும்னா மொதல்ல பிள்ளையோட பிறப்புச் சான்றிதழைப் பாருங்க

கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாம்ல இருந்து குடும்பத்தோட இலங்கையில எங்க ஊர் பளைக்கு வந்து சேந்தாச்சு. ஆனா கெளம்புறதுக்கு முன்னாடி ஆந்திரா பார்டர்ல பட்ட பாடு இன்னும் வயித்தெரிச்சலா இருக்கு, அதான் எழுதறேன். யூஎன்எச்சிஆர் (ஐ.நா. அகதிகள் அமைப்பு) ஃபார்ம், இன்டர்வியூ, கியூ பிராஞ்ச் போலீஸ், நாட்டை விட்டுப் போக எக்சிட் பெர்மிட் எல்லாம் நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சது தான், ஓஃபர்ல (அகதிகளுக்கு உதவற அமைப்பு) கேட்டா கூட இருந்து எழுதிக் குடுப்பாங்க, லேட் ஆகும் ஆனா நடக்கும். எங்களை நிறுத்தி வச்சது என் மூத்த பொண்ணோட பிறப்புச் சான்றிதழ்.

2011-ல ஆந்திரா பார்டர் தாண்டி ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில கம்பெனிங்க எழும்பிட்டிருந்த நேரம், எங்க லைன்ல பாதி ஆம்பளைங்க அங்கதான் பெயிண்ட் வேலை. நானும் வீட்டுக்காரியோட அங்கயே தடா பக்கம் தங்கிட்டு, முகாம்ல ஆள் எண்ணற செக்கிங் அன்னைக்கு மட்டும் முகாமுக்கு வந்து போவேன். திடீர்னு ராத்திரி வலி வந்து பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரியிலயே பொறந்துட்டா. பதிஞ்சுடறேன்னு பேரெல்லாம் எழுதி வாங்கிட்டுப் போன ஆள் பதியவே இல்ல. முகாம் பதிவுல பேர் ஏறிடுச்சு, ஸ்கூல்ல சேத்தாச்சு, ஆதாரும் வந்துடுச்சு, வருஷக்கணக்கா யாரும் அந்தப் பேப்பரைக் கேக்கல.

இலங்கைக்குப் போறோம்னா கேப்பாங்க. 1987 ஜூலை 1-லயோ அதுக்கு அப்புறமோ பொறந்த நம்ம பிள்ளைங்களுக்கு இந்திய மண்ணுல பொறந்ததுக்காக மட்டும் இந்தியக் குடியுரிமை கிடையாது, இலங்கைக் குடியுரிமையும் தானா வந்துடாது, சென்னையில இருக்கற இலங்கை துணைத் தூதரகம் மூலமா பிறப்பைப் பதிஞ்சு குடியுரிமைச் சான்றிதழ் எடுக்கணும், அதுக்கு அடிப்படையே இங்கத்த பிறப்புச் சான்றிதழ். அது இல்லாம பிள்ளைக்கு டிராவல் பேப்பர் கிடையாது, பிள்ளையை விட்டுட்டு நாங்க எங்க போறது.

பொறந்து ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா பதியறதுக்கு மொதல்ல 'எங்க ரிஜிஸ்டர்ல இல்ல'ன்னு ஒரு சான்றிதழ், அப்புறம் நோட்டரி அஃபிடவிட், அப்புறம் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆர்டர். மொதல் பேப்பருக்கே ஒரு கிளார்க் கிட்ட மாட்டினேன். பேரும் வேணாம் ஊரும் வேணாம். தலைய நிமித்தாமலே "ரேபு ரண்டி"ம்பார், நாளைக்கு வாங்கன்னு. மறுநாள் போனா ஆளே இருக்க மாட்டார். சூளூர்பேட்டை போற மெமு ரயில் ஒண்ணை விட்டா அடுத்தது எப்பவோ, அன்னைய கூலி அதோட போச்சு. ஒரு நாள் பெரிய மனசு பண்ணி பழைய ரெக்கார்டெல்லாம் நெல்லூர்ல இருக்கு அங்க போன்னார். போனா அங்க சொல்றாங்க, 2022 ஏப்ரல்லயே மாவட்டம் பிரிச்சாச்சு, உங்க மண்டலம் இப்ப திருப்பதி மாவட்டம், எங்ககிட்ட ஏன் வந்தீங்கன்னு. இது அந்த மேசையில உக்காந்திருக்கறவருக்குத் தெரியாதா?

அன்னைக்கு எங்கம்மாவும் கூட வந்திருந்தாங்க. திரும்பி வரப்ப ஆரம்பாக்கம் தாண்டும்போது சொன்னாங்க, "கடலைத் தாண்டி வந்தனாங்கள், உந்த மேசையைத் தாண்ட ஏலாமக் கிடக்கே மோனை."

கடைசியில காப்பாத்துனது தடுப்பூசி அட்டை. நீங்க ஸ்ரீலங்கா, இருக்கறது தமிழ்நாடு, பிள்ளை இங்கதான் பொறந்துச்சுன்னு எப்படி நம்புறதுன்னு கேட்டப்ப, வீட்டுக்காரி பிளாஸ்டிக் கவர்ல மடிச்சு வச்சிருந்த அந்த மஞ்சள் அட்டைய எடுத்து நீட்டினா. ஓரமெல்லாம் பிஞ்சு, மேல மருந்துக் கறை, ஆனா பிசிஜி போட்ட தேதி, எடை, ஆஸ்பத்திரி சீல் மூணும் தெளிவா இருந்துச்சு. கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஒண்ணும் பேசாம ஃபைலை உள்ள எடுத்துட்டுப் போனார். அந்த முகத்தைப் பாக்கவே அத்தனை தடவை அலைஞ்சிருக்கலாம் போங்க! ஆர்டிஓ ஆர்டர் அதுக்கப்புறம் மீசேவா (ஆந்திரா அரசு சேவை மையம்) வழியா வந்துடுச்சு.

ஆர்டர் டைப் ஆகறதுக்கு முன்னாடியே அப்பா அம்மா பேர் ஸ்பெல்லிங் உங்க இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாத்துக்கோங்க, அப்புறம் திருத்தறது தனி நரகம். ஒரிஜினலை லேமினேட் பண்ணாதீங்க. கையில எக்சிட் தேதி வர்ற வரைக்கும் கட்டில் பீரோவ விக்காதீங்க, எங்க பக்கத்து வீட்டுல வித்துட்டு தரையில படுத்துக் கெடந்தாங்க.

சென்னையில ஏறி யாழ்ப்பாணம் பலாலி ஏர்போர்ட்ல இறங்கினதுல ஒரு பிரச்சனையும் இல்ல.

இங்க வந்தா வேற கதை. எங்க வளவுல வீடு இருந்த இடத்துல அத்திவாரம் மட்டும் தான், சுத்திப் பத்தை, புதர் தான். முகமாலை பக்கம் இன்னும் செகப்பு மண்டையோடு போர்டு நிக்குது, ஹாலோ டிரஸ்ட் ஆளுங்க வருஷக்கணக்கா மிதிவெடி எடுத்துட்டே இருக்காங்க. அதனால உங்க காணியா இருந்தாலும் விதானையார்கிட்ட (கிராம சேவகர்) கேக்காம கத்தியத் தூக்கிட்டு பத்தை வெட்ட இறங்காதீங்க, முக்கியமா பிள்ளைங்கள விடாதீங்க. கிணத்துல இடிஞ்ச கல்லும் தகரமுமா கெடந்துச்சு, அள்ளி இறைச்சு குளோரின் போடற வரைக்கும் பக்கத்து வீட்டுத் தண்ணி தான்.

வீட்டுத் திட்டம்னு யாராச்சும் ஆசை காட்டினா நம்பி கெளம்பாதீங்க. 2012-ல தொடங்கின இந்திய வீட்டுத் திட்டத்துல அஞ்சரை லட்சம் ரூபாய் (இலங்கைக் காசு) குடுத்தாங்க, அப்ப இங்க இருந்தவங்க கட்டிட்டாங்க. இப்ப வர்ற நமக்கு கையில கெடைக்கற உதவிக் காசு தகரம், கம்பு, கக்கூஸ் குழின்னு பாதியிலயே தீந்துடும். சட்டி பானைய சுமந்துட்டு வர்றத விட தொழில் சாமானைக் கொண்டு வாங்க. என் பெயிண்ட் பிரஷ்ஷும் பட்டித் தகடும் தான் மொத மாசம் சோறு போட்டுச்சு.

காணி உறுதி (நெலப் பத்திரம்) தொலைஞ்சவங்க, உறுதி நம்பரோ எழுதின நொத்தாரிசு (நோட்டரி) பேரோ ஞாபகம் இருக்கற பெரியவங்க முகாம்லயே இருந்தா இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. எங்கம்மாவுக்கு நம்பர் தெரிஞ்சதால தான் காப்பிக்கு எழுதிப் போட முடிஞ்சுது, பக்கத்துக் காணிக்காரர் எல்லை வேலிய எங்க பக்கம் நல்லாவே நகத்திப் போட்டிருக்கார், காப்பி வந்ததும் அவர்கிட்ட பேசணும்.