ஆர்னெம்: பாலத்துக்கு 13 கிலோமீட்டர்

நெதர்லாந்தின் கிழக்கே ரைன் நதிக்கரையில் இருக்கும் ஆர்னெமுக்குப் போகிறவர்களில் பலர் ஜான் ஃபிராஸ்ட் பாலத்தைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நான் மறுமுனையிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1944 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பிரிட்டனின் 1ஆவது வான்வழிப் படைப்பிரிவு பாராசூட்டிலும், எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரிலும் வந்து இறங்கிய, ரெங்கும் ஊரையொட்டிய வெளியிலிருந்து பாலம் வரை நடந்தே போவது என்று முடிவு செய்திருந்தேன். ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஆர்னெம் சண்டை தோற்றதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதன்மையானது இந்தத் தொலைவுதான் என்பது என் எண்ணம்.

மார்க்கெட் கார்டன் என்று பெயரிடப்பட்ட அந்தத் திட்டம் பிரிட்டிஷ் தளபதி மாண்ட்கோமரியுடையது. வழியிலுள்ள ஆற்றுப் பாலங்களையும் கால்வாய்ப் பாலங்களையும் வானிலிருந்து இறங்கும் படைகள் கைப்பற்றி வைத்திருக்க, பெல்ஜிய எல்லையிலிருந்து தரைப்படை ஒரே ஒரு நெடுஞ்சாலையைப் பிடித்துச் சுமார் 100 கிலோமீட்டர் முன்னேறி அவர்களை வந்தடைய வேண்டும். தெற்கேயிருந்த பாலங்கள் அமெரிக்கப் படைப்பிரிவுகள் இரண்டின் பொறுப்பு. கடைசிப் பாலமான ஆர்னெம் பிரிட்டிஷாருக்கும் போலந்து பிரிகேடுக்கும் வந்தது.

இறங்கிய இடத்தில் நின்று பார்த்தால் விமானப்படை ஏன் அதைத் தேர்ந்தெடுத்தது என்பது எளிதில் விளங்குகிறது. மேடுபள்ளமில்லாத பரந்த வெளி, சுற்றிலும் காட்டின் விளிம்பு. கிளைடர் இறங்க இதைவிடத் தோதான நிலம் கிடைக்காது. பாலத்தருகே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இருக்கும் என்று அஞ்சினார்கள். பாலத்துக்குத் தெற்கேயுள்ள தாழ்நிலம் ஈரம் மிகுந்தது, கிளைடருக்கு ஆகாது என்றார்கள். போதாக்குறைக்கு, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் விமானங்கள் வரும் என்று முடிவானதால், படை முழுவதும் வந்துசேர மூன்று நாள் தேவைப்பட்டது. முதல் நாள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் மறுநாள் வருகிறவர்களுக்காக அந்த வெளியைக் காத்து நிற்க, பாலத்தை நோக்கிப் புறப்பட்டவை மூன்று பட்டாலியன்கள் மட்டுமே.

ஆற்றையொட்டிய கீழ்ச்சாலையில் நடந்தேன். லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃபிராஸ்டின் 2ஆவது பாராசூட் பட்டாலியன் போன வழி அது. வேலியிட்ட தோட்டங்களும் பழமரங்களுமாக வீடுகள் நெருங்கி நிற்கின்றன. அன்று அந்த வீடுகளிலிருந்து மக்கள் ஓடிவந்து ஆப்பிளும் பாலும் பூவும் கொடுத்து வீரர்களை வரவேற்றார்கள். நான்காண்டு ஜெர்மன் ஆக்கிரமிப்பு முடிந்தது என்று நம்பினார்கள். ஓஸ்டர்பேக் ரயில் பாலத்தை ஃபிராஸ்டின் ஆட்கள் நெருங்கியபோது ஜெர்மானியர் அதைத் தகர்த்துவிட்டனர். மற்ற இரண்டு பட்டாலியன்களும் வேறு சாலைகளில் மறிக்கப்பட்டு நின்றன. இருட்டிய பிறகு சாலைப் பாலத்தின் வடமுனையைப் பிடித்தவர்கள், பின்னால் வந்து சேர்ந்த மற்றப் பிரிவினரையும் கூட்டினால் ஏறத்தாழ 740 பேர்.

ஒரு படைப்பிரிவு முழுவதும் சேர்ந்து 48 மணிநேரம் காக்க வேண்டிய இடத்தை, இந்தச் சிறு கூட்டம் வியாழக்கிழமை விடியும்வரை விடாமல் வைத்திருந்தது. ஓய்வுக்கும் சீரமைப்புக்குமாக அந்தப் பகுதிக்கு வந்திருந்த நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்.எஸ்.ஸின் இரண்டு டாங்கிப் படைப்பிரிவுகள் அவர்களுக்கு எதிரே இருந்தன. வானொலிக் கருவிகள் சரிவர வேலை செய்யவில்லை. என்ன நடக்கிறதென்று அறிய முன்னே போன படைப்பிரிவுத் தளபதி அர்க்கர்ட், ஜெர்மானியர் சூழ்ந்துகொண்டதால் ஒரு வீட்டின் பரணில் ஒளிந்திருக்க நேர்ந்தது. பாலத்தில் ஃபிராஸ்ட் காயமுற்றார், சிறைப்பட்டார். பிறகு அவர் பெயரையே பாலத்துக்குச் சூட்டினார்கள். இன்று நாம் காண்பது போருக்குப் பின் கட்டியது. பழையதை அந்த அக்டோபரிலேயே நேச நாட்டு விமானங்கள் குண்டுவீசி அழித்துவிட்டன.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஓஸ்டர்பேக்குக்கு வடக்கேயுள்ள காட்டுப்பாதையிலும் சற்று நடக்க வேண்டும் என்பேன். இரண்டாம் நாள் கிங்கல் புதர்வெளியில் குதித்த 156ஆவது பாராசூட் பட்டாலியன், 1941இல் டெல்லியில், இந்தியாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் வீரர்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 19ஆம் தேதி இந்த மரங்களுக்கிடையே ஜெர்மன் தடுப்பரணை நோக்கி முன்னேறிய அந்தப் பட்டாலியன் சிதைந்துபோனது. ஆர்னெமுக்குப் பிறகு அதைக் கலைத்துவிட்டார்கள்.

பாலத்தை அடைய முடியாதவர்கள் ஓஸ்டர்பேக்கில் ஆற்றை முதுகுப்புறம் வைத்துச் சுருங்கிய வளையமாக நின்று போரிட்டார்கள். அவர்களுடைய தலைமையகமான ஹார்ட்டன்ஸ்டைன் ஹோட்டல் இப்போது அருங்காட்சியகம். அங்கே என்னை நெடுநேரம் நிறுத்தியது ஒரு சுவர்த்தாள் துண்டு. வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளின்மேல், அங்கிருந்து சுட்ட பிரிட்டிஷ் வீரர் ஒருவர், தாம் வீழ்த்தியவர்களின் கணக்கைக் கோடு கோடாகக் கிறுக்கியிருக்கிறார். ஒருவருடைய வரவேற்பறைக்குள் போர் புகுந்துவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் எனக்குக் காட்டவில்லை.

பழைய தேவாலயத்தை அடுத்த வீட்டில் கேட் டெர் ஹோர்ஸ்ட் என்ற ஐந்து குழந்தைகளின் தாய் வாழ்ந்தார். நூற்றுக்கணக்கான காயம்பட்டவர்கள் அந்த வீட்டின் கூடத்திலும் படிக்கட்டிலும் கிடத்தப்பட்டிருக்க, அவர்களுக்கு இருந்த தண்ணீரைப் பங்கிட்டு, பைபிளின் 91ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டினார். இறந்தவர்களை அவர் தோட்டத்திலேயே புதைத்தார்கள்.

ஓஸ்டர்பேக் போர் வீரர் கல்லறையில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் துயில்கிறார்கள். விமானி டேவிட் லார்டின் கல்லறையைத் தேடிச் சென்றேன். வயது 30. செப்டம்பர் 19 அன்று, தீப்பற்றிய டகோட்டா விமானத்திலிருந்து கீழேயிருந்த வீரர்களுக்கான பொதிகளை வீசிவிட்டு, இரண்டு பெட்டிகள் மிஞ்சியிருக்கின்றன என்றறிந்து மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறக்கை ஒடிந்து விமானம் விழுந்தது. பொதிகள் விழுந்த இடம் அதற்குள் ஜெர்மானியர் கைக்குப் போயிருந்தது அவருக்குத் தெரியாது. பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற அவரைப் பற்றி வீரம் என்று சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு வானொலிச் செய்தி உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் அவர் அங்கே பறந்திருக்கவே மாட்டார்.

25ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், காலணியில் துணி சுற்றிக்கொண்டு, பாதை காட்டக் கட்டிய வெள்ளை நாடாவைப் பிடித்தபடி எஞ்சியோர் ஆற்றங்கரைக்கு இறங்கினார்கள். பிரிட்டிஷ், கனடியப் பொறியாளர்களின் படகுகள் அவர்களை அக்கரை சேர்த்தன. ஆற்றின் வடகரைக்குப் போன சுமார் 10,000 பேரில் திரும்பியவர்கள் ஏறத்தாழ 2,400. நகர மக்களை ஜெர்மானியர் மொத்தமாக வெளியேற்றினார்கள். ஜெர்மானியர் பிடியில் இருந்த மேற்குப் பகுதிகளில் பின்னர் வந்த பஞ்சக் குளிர்காலம் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஹார்ட்டன்ஸ்டைன் எதிரே 1994இல் வீரர்கள் நட்ட கல்லில், நாங்கள் கொண்டுவந்தது சாவும் அழிவும்தான், அதற்காக நீங்கள் எங்களைக் குறைகூறியதே இல்லை என்று உள்ளூர் மக்களை நோக்கி எழுதியிருக்கிறார்கள்.

அக்கரையில் ட்ரீல் என்ற சிற்றூர். ஜெனரல் ஸோஸபோவ்ஸ்கியின் போலந்து பிரிகேட், மூடுபனியால் தாமதமாகி, 21ஆம் தேதி இங்கே இறங்கியபோது ஆற்றைக் கடக்க அவர்கள் நம்பியிருந்த படகுத்துறை கைவிட்டுப் போயிருந்தது. திட்டத்தின் ஓட்டைகளைத் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டியவர் ஸோஸபோவ்ஸ்கி. தோல்வியின் பழியோ அவர்மேலும் அவருடைய ஆட்கள்மேலும் சுமத்தப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியும் பறிபோனது. எச்சரித்தவரையே குற்றவாளியாக்கிய இந்தச் செயலுக்கு எந்தச் சமாதானமும் என்னால் ஏற்க முடியவில்லை. போருக்குப் பின் இங்கிலாந்தில் தொழிற்சாலைக் கூலியாகப் பிழைத்து 1967இல் காலமானார். நெதர்லாந்து அரசு அவருக்கு வெண்கலச் சிங்க விருதை அளித்தது 2006இல். ஆர்னெமுக்குப் போகிறவர்கள், நேரம் குறைவாக இருந்தால் பாலத்தை விட்டாலும் பரவாயில்லை, ட்ரீலுக்குப் போய் அவருடைய நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.