முகூர்த்தமில்லாத மாதம்

ஜூலை 17, 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி வரை கல்யாணம் இல்லை, எடிட் செய்யச் சொல்லி ஸ்டுடியோ அண்ணனிடமிருந்து கல்யாண வீடியோ ஹார்ட் டிஸ்க் எதுவும் வராது. போன ஆடியில் வளையல் அடகுக்குப் போனது. இந்த ஆடியில் கையில் வளையல் இல்லை. எனவே போர்ட்ஃபோலியோ, புது வாடிக்கையாளர்களுக்குக் காட்ட என் வேலைகளின் தொகுப்பு.

அம்மா மதுரை ஆஸ்பத்திரியில், அக்கா துணைக்கு. இன்று பெரிய டாக்டர் வரவில்லையாம்.

ஜூலை 18

இதுவரை எடிட் செய்ததில் நல்லதையெல்லாம் ஒரே இடத்தில் போட்டுப் பார்த்தேன். மெதுவாக நடந்து வரும் மணப்பெண். மெதுவாகப் பறக்கும் அட்சதை. மெதுவாகத் திரும்பி வெட்கப்படும் மாப்பிள்ளை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இதைப் பார்த்து வருகிறவர் இன்னொரு கல்யாணத்தைத்தான் கொண்டுவருவார். எனக்கு வேண்டியவர்கள் ஆடியிலும் கடை திறந்து வைத்திருப்பவர்கள். துணிக்கடைக்காரர், பல் டாக்டர், பலகாரம் போடுகிறவர், பூட்டிக் கிடந்த செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்கியவர். காரைக்குடி முழுக்க ஆடித் தள்ளுபடி பேனர் தொங்குகிறது. அந்தச் செலவில் ஒரு பங்கு இந்தப் பக்கம் வந்தால் போதும்.

அதோடு முகங்கள் வேறு. ஒரு பெண்ணிடம் அனுமதி கேட்டேன். "வேண்டாம் அக்கா, மாமியார் வீட்டில் ஒரு மாதிரி பேசுவார்கள்" என்றாள். நியாயம். கல்யாணங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியவை: ஒரு முறுக்குக் கடை, தம்பியின் நண்பன் நடத்தும் ஜிம், எங்கள் வீட்டுப் பூனை.

ஜூலை 20

அக்கா போனை எடுக்கவில்லை. சாயங்காலம்தான் எடுத்தாள். நாற்காலியிலேயே தூங்கிவிட்டாளாம்.

ஜூலை 21

முறுக்குக் கடை ரீலில் ஒரு சினிமாப் பாட்டு இருந்தது. வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்ஸ்டாகிராம் அந்த மாதிரிப் பாட்டுகளைப் பெரும்பாலும் தருவதில்லை. என் சொந்தக் கணக்கில் பாட்டோடு காட்டி ஒருவரை மயக்கிவிட்டு, நாளை அவர் கடைக் கணக்குக்கு அதையே கேட்டால் நான் எங்கே போவது? பாட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சவம். ஒரு காட்சிக்குப் பிறகு அடுத்தது ஏன் வருகிறது என்பதற்குத் தாளத்தைத் தவிர ஒரு காரணமும் இல்லை.

மூல வீடியோவைத் தோண்டியபோது எண்ணெயில் மாவு விழும் ஓசை அப்படியே பதிவாகி இருந்தது. சுர்ரென்று ஆரம்பித்து மெல்ல அடங்குகிறது. அந்த அடக்கம் முடியும் இடத்தில் வெட்டினேன். பாட்டே தேவைப்படவில்லை. இனி எதையும் முதலில் பாட்டில்லாமல்தான் வெட்டுவது.

ஜூலை 22

அம்மாவுக்கு ரசம் சாதம் இறங்கியதாம். கொஞ்சம்தான். ஆனாலும் இறங்கியிருக்கிறது.

ஜூலை 23

ஆத்தங்குடி. தம்பி சொல்லி வைத்திருந்த டைல்ஸ் பட்டறை. உரிமையாளர் ஐயாவுக்கு கேமரா என்றாலே சலிப்பு. "யூடியூப்காரர்கள் வருகிறார்கள், எடுக்கிறார்கள், போகிறார்கள். அவர்களுக்குத்தான் பார்வை ஏறுகிறது. எங்களுக்கு என்ன ஏறியது?" என்றார். பதில் இல்லை. முடித்த வீடியோவை உங்கள் கையில் தருகிறேன், உங்கள் போன் எண்ணோடு, என்றேன். "காசு?" "வேண்டாம் ஐயா. என் தொகுப்பில் வைத்துக்கொள்ள மட்டும் சம்மதியுங்கள்." யோசித்துவிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

சதுரமான ஒரு கண்ணாடி. அதன்மேல் உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறம், சிமெண்டோடு குழைத்தது, சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். பிறகு அச்சைத் தூக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் பூ கலைந்துவிடும். அந்த அக்காவின் கை நடுங்கவில்லை. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும், அதற்கும் மேலே ஈரக் கலவை, கரணையால் ஒரு தேய்ப்பு. சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்தபின் கண்ணாடியை எடுத்தால் முகம் பார்க்கும் பளபளப்பு. அதாவது வீட்டுக்காரர் பார்க்கப்போகும் பக்கம் கடைசிவரை கண்ணாடியை ஒட்டி அடியிலேயே கிடக்கிறது. செய்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பது முதுகைத்தான். இது தெரிந்ததும் எனக்கு வேறு எதுவும் எடுக்கத் தோன்றவில்லை.

மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 நொடியில் பூட்டினேன். இல்லையென்றால் டியூப் லைட் வெளிச்சம் படம் முழுக்கப் பட்டை பட்டையாக நெளியும். நின்ற வாக்கில், 9:16. கணக்கின் பெயரும் பட்டன்களும் வந்து மூடும் கீழ்ப்பகுதியில் தரையை மட்டும் விட்டு, டைல்ஸை நடுவுக்கு மேலே வைத்தேன். ஐயா பின்னால் நின்று, "இவ்வளவு நேரம் ஒரு கல்லையா எடுக்கிறாய் அம்மா?" என்றார்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. மாமா ராமேஸ்வரம் போயிருக்கிறார். மதுரையிலிருந்து ஒன்றும் இல்லை.

ஜூலை 25

கண்ணாடி விலகும்போது ஒரு சின்ன ஓசை வருகிறது. 'ட்டக்'. அதை முதல் நொடியில் வைத்தால் பளபளப்பு முதலிலேயே தெரிந்துவிடும், பிறகு எதற்குப் பார்ப்பார்கள்? கடைசியில் வைத்தால் அதுவரை யார் இருப்பார்கள்? கட்டைவிரல் காத்திருக்காது.

ஜூலை 26

அதே முதல் நொடி. சமையல் செய்யவில்லை.

ஜூலை 27

முதலில் 'ட்டக்'. கண்ணாடி பாதி விலகியதும் வெட்டு. வெறும் கண்ணாடியில் முதல் நிறம் விழுகிறது. கடைசியில் மீதிக் கண்ணாடி விலகுகிறது. அந்த முடிவு ஆரம்பத்தோடு போய் ஒட்டிக்கொள்வதால், சுற்றி வரும்போது தையல் தெரியவில்லை. ஒலியை அணைத்துப் பார்க்கிறவர்களுக்காகத் தமிழில் எழுத்து, ஒரு வரிக்கு மேல் போகாமல்.

ஜூலை 29

ஏற்றினேன். பார்த்தவர்கள் பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள்.

பழைய ரீல்களின் அட்டைப் படங்களும் கெட்டுக்கிடக்கின்றன. இந்த ஜனவரியில் இன்ஸ்டாகிராம் முகப்புக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நெட்டையாக மாற்றியது. சதுரத்துக்கென்று எழுதி வைத்த தலைப்புகள் எல்லாம் ஓரம் வெட்டுப்பட்டு நிற்கின்றன. வருகிறவர் முதலில் பார்ப்பதே அந்தக் கட்டங்களைத்தான். இரவு முழுக்க அட்டை மாற்றினேன்.

2020 ஜூன் 29 நினைவுக்கு வந்தது. டிக்டாக் தடையானபோது தம்பி சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அன்றைக்குச் சிரித்தேன். வாடகை இடத்தில் வீடு கட்டியிருக்கிறோம் என்று இப்போதுதான் உறைக்கிறது. ஒவ்வொரு வீடியோவின் மூலத்தையும் தனி டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டேன்.

ஜூலை 30

ஒரு துணிக்கடை. பெயர் எழுதமாட்டேன். "முதலில் ஒன்றை இலவசமாகச் செய்து காட்டுங்கள், பிடித்தால் பேசலாம்." தொகுப்பின் இணைப்பை அனுப்பினேன். "அது சரி, எங்கள் கடைக்கு ஒன்று." உங்கள் கடையில் ஒரு பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வருகிறேன், பிடித்தால் காசு தரட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஆத்தங்குடிக்கு இலவசமாகச் செய்தேனே என்றால், அது நானே தேடிப் போனது. எதை எடுப்பது, எப்படி வெட்டுவது என்று எல்லாம் என் இஷ்டம். இவர் கேட்பது வேலை.

நாள் முழுக்க எரிச்சல். அக்காவிடமும் கத்திவிட்டேன்.

ஆகஸ்ட் 1

ஐயா அந்த வீடியோவைத் தன் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்! தினமும் மறுபடி மறுபடி வைக்கிறாராம். அவர் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்கள் யார்? கொத்தனார்கள், காண்ட்ராக்டர்கள், வீடு கட்டுகிறவர்கள். நான் லைக்குகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே விலை கேட்டு ஆட்கள் பேசியிருக்கிறார்கள். "கோயம்புத்தூரில் ஒருத்தர் அந்த நீலப் பூதான் வேண்டும் என்கிறார்" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் கிளறவில்லை, யாருக்கென்று கிளறுவது. அம்மா போனில், "தாலிக்கயிறு மாற்றினாயா?" என்று கேட்டாள். குரல் தெளிவாக இருந்தது. அதையே மூன்று முறை எழுத வேண்டும் போல் இருக்கிறது.

ஆகஸ்ட் 5

பூனையை எடுத்துவிட்டேன். ஜிம்மையும். டைல்ஸ், முறுக்கு, புதிதாக ஒரு கண்டாங்கிச் சேலை நெசவு. கையால் செய்யப்படும் பொருள் மட்டும், வேறு எதுவும் இல்லை. தம்பி, "இவ்வளவு குறைவாக வைத்தால் அனுபவம் இல்லாதவள் என்று நினைப்பார்கள்" என்கிறான். நினைக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி: கடைக்கு என்ன வேண்டியிருந்தது, பிறகு என்ன நடந்தது. டைல்ஸுக்குக் கீழே பார்வை எண்ணிக்கை போடவில்லை. "ஸ்டேட்டஸில் பார்த்து ஆர்டர் கேட்டுப் பேசினார்கள்" என்று மட்டும் எழுதினேன், ஐயாவிடம் கேட்டுக்கொண்டுதான்.

எதிர் மளிகைக்கடை அண்ணனிடம் போனைக் கொடுத்தேன். ஒரு கையால் பருப்பு நிறுத்துக்கொண்டே, ஒலி இல்லாமல் பார்த்தார். கண்ணாடி விலகும் இடத்தில் தராசு நின்றது.

ஆகஸ்ட் 6

ஸ்கேன் நாளை. ஒன்றும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 7

ஸ்கேன் அறிக்கை திங்கட்கிழமை தருவார்களாம். எதற்குத்தான் இத்தனை நாள்?

ஆகஸ்ட் 8

கானாடுகாத்தான் விடுதி மேலாளர் பேசினார். தரை முழுக்க ஆத்தங்குடி, ஐயாவிடம் மாற்றுக் கல் வாங்குகிறவர். "அந்தச் சத்தத்தை எங்கள் முற்றத்தில் கேட்க முடியுமா?" என்றார். இப்படி ஒருவர் கேட்பார் என்று நினைக்கவே இல்லை. விலை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. பாதி முன்பணம், திருத்தம் இரண்டு தடவைக்கு மேல் இல்லை, சினிமாப் பாட்டு கிடையாது, மூல வீடியோ தருவதில்லை. எழுதி வைத்ததை அப்படியே வாசித்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் மௌனம். "ஜிஎஸ்டி உண்டா?" என்றார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 9

முன்பணம் வந்துவிட்டது. அக்காவுக்கு அப்படியே அனுப்பினேன். ஸ்டுடியோ அண்ணனும் பேசினார், ஆவணி முகூர்த்தங்களுக்குத் தேதி கேட்டு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இதுவரை அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 10

நாளை கானாடுகாத்தான், காலை வெயில் முற்றத்தில் விழுவதற்குள் போக வேண்டும். அறிக்கையும் நாளைதான். காலர் மைக்கில் ஒரு பக்கம் கரகரக்கிறது, தம்பியிடம் மாற்று கேட்க வேண்டும். பேட்டரி சார்ஜில் இருக்கிறது.