வீடு பார்க்கலாம், கோயிலுக்குப் போக முடியாது

கொரோனா முடக்கம் நீடித்துக்கொண்டிருந்த 2020ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், லண்டனின் வடமேற்குப் புறத்தில் விற்பனைக்கு வந்திருந்த ஒரு வீட்டைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். முகவர் வாசற்படியோடு நின்றுகொண்டார். வீட்டுக்காரர்கள் எங்களுக்கு முன்பாகவே பின்வளவுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் எதிலும் கைவைக்கக் கூடாது என்பதற்காக அறைக் கதவுகள் முதல் சுவர் அலுமாரி வரை எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே தொங்கிய பள்ளிச் சீருடைகளும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்ட செருப்புகளும் கண்ணில் பட்டன. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் படுக்கையறையில் நின்றுகொண்டு, யன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று நாங்கள் பேசினோம். அது முழுக்கச் சட்டத்துக்கு உட்பட்ட செயல். அதே தெருமுனையில் ஒரு கோயில் இருக்கிறது. அதன் இரும்புப் படலையைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். நேரலைக்காக ஐயர் மட்டும் உள்ளே பூசை செய்துகொண்டிருந்தார். மணியோசை தெருவுக்குக் கேட்டது. அங்கே தனியாளாகப் போய் ஒரு நிமிடம் நின்று கும்பிடுவதற்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

இங்கிலாந்தில் வீடு பார்ப்பதும் வாங்குவதும் மே 13ஆம் திகதி மறுபடியும் அனுமதிக்கப்பட்டன. வழிபாட்டுத் தலங்களில் தனிப்பட்ட பிரார்த்தனை அனுமதிக்கப்பட்டது ஜூன் 13ஆம் திகதி. இடையில் சரியாக ஒரு மாதம். இவை இரு வேறு அமைச்சுகளின் காரியங்களாக இருந்திருந்தால், ஆளுக்கொரு திசையில் போயிருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் வீடமைப்பு, சமூகங்கள், உள்ளூராட்சி ஆகிய மூன்றும் அன்று ஒரே அமைச்சின் பெயரில் இருந்தன. சமயக் குழுக்கள் அரசோடு பேசும் வாசலும் அதுவே. அதன் அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் மே 13இல் வீட்டுச் சந்தையைத் திறந்துவிட்டார். வழிபாட்டுத் தலங்களை எப்படித் திறப்பது என்று ஆராய்வதற்காகச் சமயத் தலைவர்களைக் கூட்டி அவர் அமைத்த செயலணியின் முதற்கூட்டம் மே 15இல்தான் நடந்தது. அவருக்குக் கீழிருந்த கிரீன்ஹால் பிரபுவின் பொறுப்பில் கட்டடப் பாதுகாப்பும் சமய விவகாரமும் சேர்ந்தே இருந்தன. 2017இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த தீவிபத்துக்குப் பிறகு கிளம்பிய, எளிதில் தீப்பற்றும் வெளிச்சுவர் உறைப் பிரச்சினையும் கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பிரச்சினைகளும் ஒரே மேசைக்கு வந்தன. இவ்வளவு நெருக்கத்தில் கிடந்த இரண்டு கோப்புகளை யாரும் அருகருகே வைத்துப் படிக்கவில்லை என்பதுதான் என் குறை.

மூடியது தவறு என்று நான் சொல்லவில்லை. மார்ச் 23 இரவு பிரதமர் பொதுமுடக்கத்தை அறிவித்தார். மார்ச் 26இல் நடைமுறைக்கு வந்த விதிகள், இறுதிச்சடங்கு, வழிபாட்டை ஒளிபரப்புதல், உணவு வங்கி, வீடற்றோருக்கான உதவி போன்ற அத்தியாவசியத் தொண்டுகள் தவிர்ந்த எல்லாவற்றுக்கும் வழிபாட்டுத் தலங்களை மூடச் சொல்லின. இங்கிலாந்துத் திருச்சபை சட்டம் கேட்டதற்கும் ஒருபடி மேலே போய், பாதிரியார்கள் தனியாக உள்ளே சென்று நேரலை செய்வதைக்கூட நிறுத்தியது. ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறன்று, கன்டர்பரிப் பேராயர் ஜஸ்டின் வெல்பி தமது இல்லத்துச் சமையலறையில் நின்று ஆராதனை நடத்தினார். ரமழான் மாதத்து வெள்ளிக்கிழமைத் தொழுகையை அனுமதிக்கக் கோரி பிராட்ஃபோர்ட் பள்ளிவாசலொன்றின் தலைவர் நீதிமன்றம் போனார். மே 21ஆம் திகதி உயர்நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தர மறுத்தது. அந்த மறுப்பும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஒரே தட்டிலிருந்து எல்லாரும் திருநீறு எடுத்து, ஒரே தீபத்தை நூறு கைகள் ஒற்றிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துத் தேவாரம் பாடும் இடத்தைப் பற்றி ஒரு வைத்திய அதிகாரி என்ன நினைப்பார் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

ஆனால் 'வீட்டிலிருந்தே வழிபடுங்கள்' என்ற சொல்லுக்குள் ஒரு வீடு ஒளிந்திருந்தது. அந்த வீட்டில் ஆளுக்கொரு அறை இருந்தது, காய்ச்சல் கண்டவர் ஒதுங்க ஒரு மூலை இருந்தது, வாடகை தவறினாலும் வெளியேற்றப்படாத உறுதி இருந்தது. அப்படியொரு வீடு யாருக்கெல்லாம் இருந்தது? 2016 முதல் 2019 வரையான அரசின் வீடமைப்புக் கணக்கெடுப்பின்படி, இங்கிலாந்தில் வங்காளதேசப் பின்னணியுள்ள குடும்பங்களில் 24 சதவீதமும் பாகிஸ்தானியப் பின்னணியுள்ளவற்றில் 18 சதவீதமும் நெரிசலான வீடுகளில் வாழ்ந்தன. வெள்ளைப் பிரித்தானியரிடையே அது 2 சதவீதம். 2020 ஜூனில் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் கொவிட் மரணங்களைச் சமயவாரியாக வெளியிட்டபோது முஸ்லிம் ஆண்களின் மரணவீதமே மிக உயர்ந்திருந்தது: லட்சத்துக்கு 198.9. அதைப் பார்த்துவிட்டுப் பள்ளிவாசலைக் குறைசொன்னவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் அடங்கிய மரணங்களில் பெரும்பாலானவை பள்ளிவாசல்கள் பூட்டிக்கிடந்த வாரங்களில் நிகழ்ந்தவை. திறந்திருந்தவை வேலைத்தலங்களும் வீடுகளுமே.

எங்கள் ஆட்களைப் பற்றிய இத்தகைய கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. பார்த்த வீடுகளைப் பற்றிச் சொல்லலாம். வந்து சில வருடங்களே ஆன ஒரு தம்பி முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்தார். ஒரு தமிழ்க் குடும்பத்தின் மேல்மாடியில் சின்ன அறை, மாதம் முடிந்தால் கையில் வாடகை, எழுத்தில் எதுவும் இல்லை. அந்த வீட்டின் சமையலறையில் அவருக்கென்று இருந்த இடம் குளிர்பெட்டியில் ஒரு தட்டும் அதன் தலைக்குமேல் ஒரு சாணளவும்தான். அந்தச் சாணளவில் நல்லூர் முருகன் படத்தைச் சாய்த்து வைத்திருந்தார். குளிர்பெட்டி இயங்கத் தொடங்கும்போதெல்லாம் படம் மெல்ல நடுங்கும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்ச் சாப்பிட்டு, நாலு பேரோடு கதைத்துவிட்டு வருவதுதான் அவருக்கு வீட்டின் மிச்சப் பாதி. அது மார்ச்சில் மூடப்பட்டது. ஏப்ரலில் வீட்டுக்கார அண்ணை வந்து சொன்னாராம்: "தம்பி, குறை நினையாதைங்கோ. அம்மாவும் எங்களோட இருக்கிறா. நீங்கள் அந்த வேலைக்குப் போய் வாறது எங்களுக்குப் பயமாக் கிடக்கு. வேற இடம் பாத்தால் நல்லம்."

வீட்டுக்காரரின் பயத்தை நான் குற்றம் சொல்லமாட்டேன். எழுபது தாண்டிய தாய் வீட்டில் இருந்தால் நானும் பயந்திருப்பேன். அரசைப் பற்றித்தான் பேச வேண்டும். கொரோனா காரணமாக வருமானம் இழந்த எந்த வாடகைதாரரும் வீட்டைவிட்டு வெளியேற்றப்படமாட்டார் என்று மார்ச்சில் அமைச்சர் உறுதி கூறியிருந்தார். வெளியேறச் சொல்லும் அறிவித்தலின் காலம் மூன்று மாதமாக்கப்பட்டு, ஆகஸ்ட் 29 முதல் ஆறு மாதமாக நீட்டப்பட்டது. நீதிமன்றங்களில் வெளியேற்ற வழக்குகள் செப்டெம்பர் 20 வரை நிறுத்திவைக்கப்பட்டன. நல்ல ஏற்பாடுகள், பலரைக் காப்பாற்றியவை. ஆனால் வீட்டுச் சொந்தக்காரரோடு ஒரே கூரையின்கீழ், ஒரே சமையலறையைப் பகிர்ந்து அறை எடுத்திருப்பவருக்கு இவற்றில் ஒன்றும் பொருந்தாது. அவரை வெளியேற்ற நீதிமன்ற உத்தரவே தேவையில்லை; நியாயமான அவகாசம் கொடுத்தால் போதும். புதிதாக வந்த தமிழர், சோமாலியர், வங்காளிகள் பலரும் வாழ்வது இந்த வகை ஒழுங்கில்தான் என்பதை அமைச்சின் சமயப் பிரிவில் வந்துபோன எந்தக் கோயில் தர்மகர்த்தாவும் எந்த இமாமும் சொல்லியிருப்பார்கள். அவர்களிடம் கேட்கப்பட்டது கை கழுவும் வசதி பற்றியும் இடைவெளி பற்றியும்.

இரண்டு கோப்புகளும் தவிர்க்கமுடியாமல் சந்தித்த இடமொன்று உண்டு; அது இரவுக் காப்பகம். பல நகரங்களில் குளிர்காலத்தில் ஏழு தேவாலயங்கள் கிழமைக்கு ஒரு நாள் வீதம் முறைவைத்துத் தமது மண்டபங்களை வீதியில் படுப்போருக்குத் திறந்துவிடும். சில ஊர்களில் யூத ஆலயமோ பள்ளிவாசலோ ஒருநாளை ஏற்றுக்கொள்ளும். நான் மூன்று குளிர்காலம் புதன்கிழமைகளில் அப்படியொரு மண்டபத்தில் வேலை செய்திருக்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்கு மடக்குக் கட்டில்களை விரித்து, ஏழரைக்குச் சாப்பாடு கொடுத்து, காலை எட்டு மணிக்கு எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கட்டில்களை மறுபடி அடுக்கவேண்டும். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு கை நீளம். ஒருவர் இருமினால் பதினைந்து பேரும் புரண்டு படுப்பார்கள். 2020 மார்ச்சில் அந்த மண்டபங்கள் தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே விருப்பமில்லை.

மார்ச் 26ஆம் திகதி வீடமைப்பு அமைச்சு எல்லா உள்ளூராட்சிக் கவுன்சில்களுக்கும் எழுதியது: வீதியில் இருப்போரையும் இத்தகைய காப்பகங்களில் இருப்போரையும் கிழமை முடிவதற்குள் உள்ளே எடுங்கள். 'எல்லாரும் உள்ளே' என்று பெயர்பெற்ற அந்த ஏற்பாட்டில், வெறுமையாகிக் கிடந்த ஹோட்டல்கள் திறந்துவிடப்பட்டன. மே மாதமளவில் ஏறத்தாழ 15,000 பேர் தனியறைகளில் இருந்தார்கள். 2021 ஜனவரிக்குள் 37,000க்கு மேற்பட்டோருக்கு உதவி கிடைத்திருந்தது. முதல் அலையில் இந்த நடவடிக்கைகள் 266 மரணங்களைத் தடுத்திருக்கலாம் என்று லான்செட் குழுமத்தின் மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்தக் கொள்ளைநோய்க் காலத்தில் இங்கிலாந்து அரசு செய்தவற்றுள் நான் மனம்திறந்து பாராட்டும் காரியம் இது. எனக்கு அது ஒரு சின்ன அடியும்கூட. எங்கள் மண்டபத்துக்கு மூன்று வருடமாக வந்துகொண்டிருந்த ஒருவரை ஏப்ரலில் ஹோட்டல் வாசலில் கண்டேன். கையிலிருந்த அட்டைச் சாவியைக் காட்டி, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவுள்ள அறையில் படுத்து எத்தனையோ வருடம் என்றார். நாங்கள் சூப்பும் போர்வையும் அன்பும் கொடுத்தோம். பூட்டுள்ள ஒரு கதவைக் கொடுக்கவில்லை, கொடுக்கவேண்டும் என்று தோன்றவுமில்லை.

தொடக்கத்தில், அரச உதவி பெற உரிமையில்லாத விசாவில் இருப்போரும் இந்த ஏற்பாட்டில் சேர்க்கப்பட்டார்கள். மே மாதத்துக்குப் பிறகு அது கவுன்சில்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. சில எடுத்தன, சில கையை விரித்தன. அவர்களுக்கும் இடம் கொடுக்கக் கவுன்சில்களுக்குச் சட்ட அதிகாரம் உண்டு என்று பிரைட்டன் கவுன்சிலுக்கு எதிரான வழக்கில் உயர்நீதிமன்றம் சொன்னபோது 2021 மார்ச் பிறந்துவிட்டது. இதற்கிடையில், வரிசையாகக் கட்டில் போட்டுப் படுக்கவைப்பது ஆபத்து என்று தேவாலய மண்டபங்களுக்கு அமைச்சு அறிவுறுத்திக்கொண்டிருந்த அதே குளிர்காலத்தில், உள்துறை அமைச்சு புகலிடக் கோரிக்கையாளர்களை ஃபோக்ஸ்டனில் உள்ள நேப்பியர் இராணுவ முகாமின் பொதுப் படுக்கையறைகளில் வைத்திருந்தது. ஜனவரியில் அங்கே ஏறத்தாழ இருநூறு பேருக்குத் தொற்று. ஜூன் மாதம் நீதிமன்றம் அந்த இடம் போதிய தரமற்றது என்று தீர்ப்பளித்தது. பாதிரியாருக்கு ஒரு மருத்துவ விஞ்ஞானம், உள்துறைக்கு வேறொன்று.

நவம்பர் முடக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை, கோபம் வருகிறது. ஜூலை 4 முதல் கூட்டு வழிபாடு அனுமதிக்கப்பட்டபின் கோயில்கள் தரையில் அடையாளமிட்டு, பெயர் பதிந்து, பிரசாதத்தைப் பொதிசெய்து கொடுக்கப் பழகியிருந்தன. நவம்பர் 5 தொடக்கம் அதெல்லாம் மறுபடி தடை. நவம்பர் 14 தீபாவளி அதற்குள் அகப்பட்டது. எல்லாச் சமயத் தலைவர்களும் சேர்ந்து, தடைக்கு என்ன ஆதாரம் என்று கேட்டுப் பிரதமருக்கு எழுதினார்கள். அந்த நான்கு வாரங்களிலும் வீட்டு முகவர்கள் வழமைபோல வீடு காட்டினார்கள். அடுத்த ஜனவரி முடக்கம் இதைவிடக் கடுமையானது, ஆனால் அதில் இங்கிலாந்தின் வழிபாட்டுத் தலங்கள் மூடப்படவில்லை. கேட்ட கேள்விக்கு அதைத்தான் பதிலாக நான் எடுத்துக்கொண்டேன். ஸ்கொட்லாந்து அப்போதும் மூடியது, 2021 மார்ச் 24இல் அங்குள்ள நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது.

நாங்கள் அந்த வீட்டையே வாங்கினோம். பழைய அடுக்குமாடி வீட்டை விற்று, 2020 டிசெம்பரில் 480,000 பவுணுக்கு முடித்தோம். ஜூலை 8ஆம் திகதி நிதியமைச்சர் ஐந்து லட்சம் பவுண் வரையான வீடுகளுக்கு முத்திரைத் தீர்வையை நிறுத்தியிருந்ததால், கட்டவேண்டியிருந்த 14,000 பவுண் எங்களுக்கு மிச்சம். அதே குளிர்காலத்தில், தேவாலய மண்டபங்களையும் அவை போன்ற காப்பகங்களையும் பாதுகாப்பாக மாற்றியமைக்க இங்கிலாந்து முழுவதிலுமுள்ள சமய, சமூகக் குழுக்களுக்கு அரசு ஒதுக்கிய தொகை இருபது லட்சம் பவுண். எங்களைப் போல 143 குடும்பங்கள் வீடு மாறினால் அந்தத் தொகை தீர்ந்துவிடும். அந்தத் தம்பி அப்போது லூட்டனில், இன்னொரு குடும்பத்தின் பின்னறையில் இருந்தார். வீடு குடிபுகுந்த நாளன்று கைபேசியில் அழைத்து, சாமியறை எந்தத் திசையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.