கோரைக்கிழங்கு

"ஏத்தா, மாரையே எடுத்துப்புட்டாங்க. பெறகு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

மதுரையில் ஸ்கேன் முடித்து உசிலம்பட்டி பஸ்ஸில் வரும்போது அம்மா கேட்டாள். மார்புப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து 4 வருஷம் கழித்து, அதே புற்று முதுகெலும்பில் தெரிந்திருந்தது. 12-ஆம் வகுப்புக்கு உயிரியல் நடத்துகிற எனக்கு அன்று பேச்சு வரவில்லை.

மறுநாள் இருட்டோடு மல்லி மொட்டு எடுக்கும்போது, அம்மா காலடியில் இருந்த கோரையை இழுத்தாள். தாள் கையோடு வந்தது, கிழங்கு மண்ணிலேயே நின்றுவிட்டது. அதைக் காட்டித்தான் சொன்னேன். கட்டியில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி இல்லை. 2003-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், மார்புப் புற்றுச் செல்களைப் பிரித்து எலிகளுக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வகையில் சுமார் 100 செல்லே புதுக் கட்டியாகிவிட்டது. மற்றவை ஆயிரக்கணக்கில் வைத்தும் வளரவில்லை. அந்த ஒரு வகையைப் புற்றுநோய் ஸ்டெம் செல் என்கிறார்கள். கீமோ, வேகமாகப் பெருகுவதைத்தான் அதிகம் தாக்கும். ஆக்சிஜன் குறைந்த மூலையில் மெதுவாகக் கிடக்கிற செல் தப்பிவிடும்.

கோரையோடு ஒப்பிட முடியாத இடமும் உண்டு. அறுத்துப் போட்ட தாள் கிழங்காகாது. ஆனால் சுற்றியுள்ள திசு அனுப்பும் சமிக்ஞையால் சாதாரணப் புற்றுச் செல்லே ஸ்டெம் செல் குணத்துக்குத் திரும்பலாம். எனக்குத் தூக்கம் போனது இதைப் படித்த அன்றுதான்.

"அப்ப மண்ணையும்ல பாக்கணும்? சித்திரையில உழுது பெரட்டிவிட்டா வெயில்ல கெழங்கு காஞ்சுரும்" என்றாள்.

லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-இல் புற்றுச் செல் விதை, அது போய் விழும் உறுப்பு மண் என்று இதே பேச்சைத்தான் பேசினார். மார்புப் புற்றில் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் பார்த்து, சில உறுப்புகளில் மட்டும் ஏன் அதிகம் பரவுகிறது என்று கேட்டவர். எலும்பு அப்படி ஒரு மண். அங்கே போன புற்றுச் செல், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடும். எலும்பு கரையக் கரைய, அதில் அடைபட்டிருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளிவந்து புற்றுக்கே தீனியாகும்.

அம்மாவுக்கு எழுதிய ஜோலிட்ரானிக் ஆசிட், அரிக்கும் அந்தச் செல்களை அடக்குகிற மருந்து. எலும்பு முறிவும் வலியும் குறையத்தான்; புற்றுக்குத் தனியாக ஹார்மோன் மாத்திரை இருக்கிறது. மருந்து ஏறும் காலத்தில் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்று முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். ஆடிய கடவாய்ப்பல் இரண்டையும் எடுத்து, புண் ஆறிய பிறகே முதல் டிரிப். 15 நிமிஷம். அம்மா கண்ணை மூடாமல் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.