பச்சை நூல் கட்டிய சாவி

"என்னை நம்பிச் சாவியைக் குடுத்துட்டுப் போற புள்ளைங்க தம்பி. அவங்க பேரை நான் எப்படி உங்ககிட்ட குடுக்கிறது?"

ஃபெஞ்சல் புயலுக்கு இரண்டு மாதம் முன்னால் ஆயா இப்படிக் கேட்டார். நான் போலீஸ்காரன். புதுச்சேரி கிருஷ்ணா நகர் பக்கம் பீட், அதாவது ரோந்து, போகும்போது, வாடகைக்கு இருப்பவர்களின் விவரப் படிவத்தையும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஆயா வீடு மாடியில். கீழே பின்னறையில் ஹோட்டலில் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் மூன்று பேர். "நாளைக்கு ஏதாவதுன்னா நீங்கதான் ஸ்டேஷன் ஏறணும்" என்று குரலை உயர்த்திவிட்டேன். அந்த வயதுக்காரரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் படிவம் கேட்டதில் தப்பில்லை. திருட்டு வழக்குக்காகத் தெருத்தெருவாக அலைந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நிலைப்படிக்கு மேலே பிறை போட்ட படம். அதற்குக் கீழே ஓர் ஆணி, ஆணியில் நாலு சாவி. அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல். எதிர்வீட்டு டீச்சருடையது சிவப்பு, பையன்களுடையது பச்சை. அன்றைக்கு அதைப் பார்த்தேன், பெரிதாக நினைக்கவில்லை.

2024 டிசம்பர் 1. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ராணுவமே வந்து ஆட்களை மீட்டுக்கொண்டிருந்தது. நாங்களும் படகில் போனோம். அந்த அறைக் கதவில் வெளிப்பூட்டு தொங்கியது. என் பட்டியலில் அந்த அறைக்கு எதுவும் இல்லை. "ஆள் இல்ல, போலாம்" என்றேன். சொன்னது நான்தான்.

மாடியிலிருந்து ஆயா அலறினார்: "உள்ளே ரெண்டு புள்ளைங்க இருக்கு தம்பி!"

உள்தாழ்ப்பாள் உடைந்த கதவு அது. வேலைக்குப் போகிறவன் பூட்டிச் சாவியை ஆயாவிடம் கொடுப்பான். உள்ளே தூங்குகிறவர்கள் குரல் கொடுத்தால் ஆயா திறந்துவிடுவார். அன்று அவரால் படியிறங்க முடியவில்லை. சாவியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வீசினார். இரண்டு பேரும் பரண்மேல் குந்தியிருந்தார்கள். படகில் ஏறியதும் அவர்களே பேரைச் சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஆயா அன்றே பேரைக் கொடுத்திருந்தால் அந்த அறையைத் தாண்டியிருக்க மாட்டேன். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அப்புறம் இன்னொன்றும் தோன்றுகிறது. பேர் கிடைத்திருந்தால் மூவரையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருப்பேன். யார் காட்டிக்கொடுத்தது என்று அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? அதன்பிறகு சாவி அந்த ஆணிக்கு வந்திருக்குமா?

மற்ற வீடுகளில் இப்போதும் படிவம் வாங்குகிறேன். அந்த அறையினுடையது மட்டும் பாக்கி. வாங்க வேண்டியது என் வேலை. ஆயா முன்னால் போய் நின்றால் வாய் வர மாட்டேன் என்கிறது.