டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்களுக்கு ஆங்கிலம்: எழுத்துக்கு முன் ஒலி

டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு, உள்ள பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறீர்களா? அவர்கள் தாய்மொழியை எப்படி வாசிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் அங்கே இருக்கும் தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டாம் மொழிக்கும் கூடவே வரும். புத்திசாலித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பேச்சில் வெளுத்து வாங்குபவர் நாலு வரி வாசிக்கத் திணறுவதை என் வகுப்பில் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆங்கிலம் இவர்களைக் கூடுதலாகவே படுத்தும். எழுத்து 26, ஒலியோ ஏறத்தாழ 44. ஸ்பானிஷ், இத்தாலியன் போல எழுதியபடி வாசித்துவிட முடியாது. 'படிக்கப் படிக்கத் தானாக வந்துவிடும்' என்று விட்டால் இவர்களுக்கு வராது. ஒவ்வொரு ஒலியையும் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். 1930களில் அமெரிக்க மருத்துவர் ஆர்டனும் கல்வியாளர் கில்லிங்ஹாமும் உருவாக்கிய முறையின் அடிப்படையும் அதுதான்: கண், காது, கை மூன்றும் சேர்ந்து வேலை செய்வது.

'ஷிப்' (ship), 'ஷீப்' (sheep) இரண்டையும் எடுத்துக்கொள்வோம். புத்தகம் மூடியிருக்கும். நான் மாற்றி மாற்றிச் சொல்வேன். குறில் கேட்டால் மேசையில் ஒரு தட்டு, நெடில் கேட்டால் விரலால் நீளமாக ஓர் இழுப்பு. காது பிடித்ததும் அவர்களே சொல்ல வேண்டும். அப்புறம்தான் எழுத்து அட்டை: ஒற்றை 'ஐ' (i) ஒரு நிறம், இரட்டை 'ஈ' (ee) வேறு நிறம். வாயால் ஒலித்துக்கொண்டே எழுத்தின் மேல் விரலை ஓட்டுவார்கள். ஒரு வகுப்புக்கு இந்த ஒரு ஜோடி போதும். அடுத்த வகுப்பு பழைய அட்டைகளோடுதான் தொடங்கும். பாடம் பின்தங்கினாலும் சரி, அதில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

பள்ளியில் எல்லார் முன்னாலும் வாசித்துத் திட்டு வாங்கியது பலருக்கு இன்னும் ஆறவில்லை. திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். பொம்மை போட்ட குழந்தைப் புத்தகங்களும் வேண்டாம். சொல் எளிதாக இருக்கட்டும். விஷயம் அவர்கள் வயதுக்கானதாக இருக்கட்டும்: மருந்துச் சீட்டு, வேலை விண்ணப்பம், மேலாளருக்கு விடுப்புக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி. தாளில் எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விடுங்கள். வண்ணக் கண்ணாடித் தாளை மேலே வைத்தால் வாசிப்பு வந்துவிடும் என்கிறார்களே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தேர்வு எழுதுபவர்கள் ஐஇஎல்டிஎஸ், கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வுகளில் கூடுதல் நேரம் கேட்கலாம். குறைபாட்டை உறுதிசெய்யும் அறிக்கை வேண்டும். தேதிக்கு வெகு முன்பே விண்ணப்பிக்கவும் வேண்டும். மாதிரித் தேர்வையும் அந்தக் கூடுதல் நேரத்தோடே எழுத வையுங்கள். அவசரமாக முடித்துப் பழகியவர்கள், நேரம் கிடைத்தாலும் பாதியிலேயே தாளைக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.